முப்பது ஆள், அறுபது பேர்

செஞ்சியில் பாக்கியம் என்று கேட்டால் எந்தப் பாக்கியம் என்று திருப்பிக் கேட்பார்கள். மாதா கோயில் பக்கம் ஒருத்தி, மண்டித் தெருவில் இரண்டு பேர், ஆஸ்பத்திரி எதிரில் இட்லி விற்பவள் ஒருத்தி. நான் எழுதப்போவது பாலத்துப் பாக்கியத்தைப் பற்றி. அந்தப் பேர் அவளுக்கு வந்தது அறுபத்தெட்டாம் வருஷம் வைகாசியில். வரக் காரணமாக இருந்த தப்பைச் செய்தவன் நான். வேறு யாராவது இதை எழுதினால் என்னை இன்னும் கேவலமாக எழுதுவார்கள் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பெண்கள் மேஸ்திரி என்று கூப்பிடும் காண்டிராக்டர் துரைக்கண்ணுவிடம் கணக்குப்பிள்ளை. அரிகிருஷ்ணன் என்ற என் பேரை அந்த வேலையிடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. துரைக்கண்ணுவுக்கு நான் 'ஏய் கணக்கு'. சித்தாள் பெண்களுக்குக் 'கணக்குப்புள்ள'. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எனக்குப் பெரிய கர்வம். அழகான கையெழுத்தில் எதை எழுதினாலும் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள், அதுதான் வம்பு.

பாக்கியத்துக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். செஞ்சியிலிருந்து இரண்டு மைல் தள்ளி வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இருக்கும் ஒரு சின்ன ஊர். புருஷன் தேவசகாயம் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவர் நாள் முழுக்கப் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம்; அவருக்கும் சேர்த்து இவள் பேசுவாள். சுற்று வட்டாரத்தில் எங்கே கட்டட வேலை, பால வேலை நடந்தாலும் சித்தாள் பெண்களைச் சேர்த்து அழைத்து வருவது பாக்கியம்தான். வேதக்காரப் பெண்கள், வன்னியப் பெண்கள் என்று எல்லாரும் அவள் பின்னால் வருவார்கள். அவள் மகள் அருளம்மாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். பாக்கியத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது தன்னை ஏமாற்றப் பார்த்தால் அது மட்டும் நன்றாகத் தெரியும். இரண்டாவது இருந்தால் முதலாவது இல்லாமலே ஒரு மனுஷி பிழைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அவளே சாட்சி.

ஊருக்கு வடமேற்கே இரண்டு பாறைக் குன்றுகளுக்கு நடுவில் ஒரு ஓடை உண்டு. கொள்ளுமேட்டு ஓடை என்போம். வெயில் காலத்தில் கீழே வெறும் பாறை. மழை வந்துவிட்டால் இறங்கவே முடியாது. முப்பதடி ஆழம். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் மூன்று மைல் சுற்றிக்கொண்டு செஞ்சிக்கு வரவேண்டும். அதற்காக நடைபாலம் ஒன்று கேட்டு, துரைக்கண்ணு கட்டினார். முப்பதடி நீளம், ஆறடி அகலம். நாலு பனைமரங்களைக் குறுக்கே போட்டு மேலே பலகை அடித்தோம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

துரைக்கண்ணுவுக்கு ஒரு வழக்கம். பாலம் முடிந்ததும் 'ஆளேத்திப் பாக்கறது' என்பார். தன்னிடம் வேலை செய்கிற சித்தாள்களையெல்லாம் ஒரே நேரத்தில் பாலத்தின்மேல் நிற்கவைத்து, அரை நாள் அப்படியே விட்டுவிடுவார். அவர் வெற்றிலைப் பெட்டியோடு பாலத்துக்கு நேர் கீழே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். கட்டினவனே அடியில் உட்கார்ந்திருக்கும்போது மேலே நிற்கிறவள் என்ன சொல்ல முடியும்? ஒன்பது பாலம் அப்படிப் பார்த்துவிட்டார். பெண்களுக்கும் அதில் குறையில்லை. மண் சுமக்காமல், கல் தூக்காமல், வெறுமனே நின்று கதை பேசியதற்கு ஒரு நாள் கூலி. குழந்தை வைத்திருக்கிறவர்கள் குழந்தையோடு ஏறி நின்றுகொள்வார்கள்.

இந்த முறை ஒரு புது ஆள் வந்து சேர்ந்தார். தாண்டவராயன், சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியர். மூக்குக்கண்ணாடி, வேர்வையில் ஊறிய வெள்ளைச் சட்டை, காலில் பாறைக்கு ஒவ்வாத தோல் செருப்பு. மரப்பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் கட்டுவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நிஜத்தில் கட்டுகிற பாலம் ஒன்று வேண்டியிருந்தது. தெரிந்தவர்கள் மூலம் எங்கள் பாலத்தைப் பிடித்தார். மரத்தின் நீளம் என்ன, பருமன் என்ன, பலகை எத்தனை என்று விவரம் கேட்டு முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தார். கடைசிக் கேள்வி, சோதனை நாளில் ஒரே சமயத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பது.

நான் கூலி ஆள் பதிவு செய்யும் மஸ்டர் நோட்டைப் பார்த்து எழுதினேன்: முப்பது ஆள்.

எங்கள் நோட்டில் ஆள் என்றால் ஆம்பிளை. சித்தாள் என்றால் கூலியில் பாதி. இரண்டு சித்தாள் ஒரு ஆள் என்று போடுவது துரைக்கண்ணுவின் கணக்கு; அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்த கணக்கு; சுற்று வட்டாரத்தில் நான் பார்த்த எல்லா மேஸ்திரிகளின் கணக்கும் அதுதான். அறுபது பெண்கள் முப்பது ஆள். எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

திங்கட்கிழமை ஆளேற்றுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தாண்டவராயன் பாய்போலச் சுருட்டிய நீளக் காகிதத்தோடு வந்தார். வேலைக்கு நடுவில் பெண்கள் புளியமர நிழலில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தைப் பலகைமேல் விரித்ததும் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா சார் இது?" என்றாள் பாக்கியம்.

"இதுதாம்மா உங்க பாலம்."

"எங்க பாலம் அங்க இருக்குது. இது காயிதம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பு எடுக்கிறவர் அல்லவா, விளக்கத் தொடங்கிவிட்டார். சென்னையில் ஒரு அறையை அடைத்துக்கொண்டு ஒரு மெஷின் இருக்கிறது. அட்டையில் ஓட்டை போட்டுப் பாலத்தைப் பற்றிய விவரத்தை எல்லாம் அதற்குச் சொல்கிறோம். அது தனக்குள்ளே பாலத்தைக் கட்டிப் பார்க்கிறது, ஆளை ஏற்றிப் பார்க்கிறது.

"முறிஞ்சிபோனா யாருக்கும் அடிபடாது. மறுபடி கட்டி மறுபடி ஏத்தலாம். எல்லாரையும் ஒரே ஓரத்துல நிக்கவைக்கலாம், நடுவுல நிக்கவைக்கலாம். நூறு தடவை ஏத்தினாலும் அலுத்துக்காது."

"அந்த ஆளுங்களுக்குக் கூழு ஊத்தறது யாரு?" என்றாள் ராயம்மாள். எதற்கும் ஒரு குறுக்குக் கேள்வி வைத்திருப்பவள்.

"அவங்களுக்குப் பசிக்காதும்மா."

"அய்ய, நம்ம மேஸ்திரி காதுல போட்டுடாதீங்க சார். நாளைக்கே எங்கள ஊட்டுக்கு அனுப்பிடுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியம் மட்டும் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் எண்களும். எண்களைக்கூட அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எத்தினி பேர ஏத்திப் பாத்தீங்க?"

"முப்பது பேர். பயமே வேண்டாம், நல்லாவே தாங்குது."

பாக்கியம் பெண்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்ப மீதிப் பேரு எங்க நிக்கறாங்க சார்?"

"மீதின்னா?"

"நாங்க அறுவது பேரு."

தாண்டவராயன் சட்டைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்துப் பிரித்தார். அழகான கையெழுத்து. முப்பது ஆள். அவர் என்னைப் பார்த்தார். அறுபது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பாறைக்குள் புகுந்துகொள்ளலாம்போல இருந்தது.

"அது வந்து சார், ரெண்டு சித்தாள் ஒரு ஆள். வழக்கம்."

"எடையிலுமா?" என்று கேட்டார் அவர்.

நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு அப்படிச் சுட்டது. தப்பு என்னுடையது என்று தெரிந்ததும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை, கோபம். பட்டணத்திலிருந்து வந்தவனுக்கு இங்கே என்ன தெரியும் என்று மனசுக்குள் திட்டினேன். அந்த மெஷினைத் திட்டினேன். அது பாவம், முப்பது என்று சொன்னால் முப்பது என்று நம்பியது. பெண் என்றால் பாதி என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

துரைக்கண்ணு வந்ததும் சண்டை மூண்டது. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லவேண்டும். தான் கட்டியதன்மேல் உயிரையே வைக்கிறவர். ஆனால் ஒன்பது பாலம் நின்றது என்பதால் பத்தாவதும் நின்றுதான் தீரவேண்டும் என்று நினைக்கிறவர்.

"மெஷினுக்கு மரம் கிரீச்சுனு கத்தறது கேக்குமா? ஆளுக்குக் கேக்கும். கேட்டா எறங்கி ஓடியாந்துடுவாங்க. நான் அடியிலதான குந்திகினு இருக்கறேன்? எனக்கு உசுரு வெல்லமில்லியா?"

"கேக்கும் மேஸ்திரி," என்றாள் பாக்கியம். "கேட்டதும் அறுவது பேரும் ஒரே பக்கமா ஓடுவோம். இடுப்புல கொழந்தைங்க வேற. ஒருத்திமேல ஒருத்தி வுழுந்து, மரம் எங்கள உட்டாலும் நாங்களே மிதிச்சிக் கொன்னுடுவோம்." பிறகு தாண்டவராயன் பக்கம் திரும்பினாள். "சார், உங்க காயித ஆளுங்க எப்பிடி நிக்கறாங்க? கை கட்டிகினா?"

"எடையைப் பாலம் முழுக்கச் சமமாப் பரப்பி வெச்சிருக்கேன்."

"எந்த ஊர்ல ஜனம் அப்பிடி நிக்குது? அமாவாசைக்கு மலையனூர் கோயிலுக்குப் போறவங்க இந்தக் குறுக்கு வழியிலதான் வரப்போறாங்க. பாதிப் பேரு நடுப்பாலத்துல நின்னு கீழ எட்டிப் பாப்பாங்க. அந்தப் பக்கத்துலருந்து கோட்ட தெரியுதுன்னு ஒருத்தி சொன்னா அம்புட்டுப் பேரும் அந்த ஓரத்துக்குப் பூடுவாங்க. அத்தையும் எழுதிக்கினு போய் உங்க மெஷின்கிட்ட சொல்லுங்க."

அவர் நிஜமாகவே எழுதிக்கொண்டார். பாறைமேல் உட்கார்ந்து, முழங்கால்மேல் நோட்டை வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதினார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

"திங்கக்கெழம ஏத்தப்போறேன்," என்றார் துரைக்கண்ணு. "உன் ஆளுங்க வரலன்னா தளவானூர்லருந்து கூட்டியாந்துக்குவேன்."

"கூட்டியா. அதுக்கு முன்னால நான் தளவானூருக்குப் போய் இதே கதைய அவங்ககிட்ட சொல்லிட்டு வந்துடுவேன்." பாக்கியம் குரலை உயர்த்தவில்லை. "மேஸ்திரி, இவங்கள ஊடு ஊடாப் போய் கூப்புட்டது நானு. கூட்டிகினு போனவளுக்குக் கூட்டிகினு வர்ற பொறுப்பு இருக்குது. ஒருத்தி கொறஞ்சா அவ ஊட்டு வாசல்ல நான் இன்னா சொல்லிகினு நிக்கறது?"

துரைக்கண்ணு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சார் மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டு வரட்டும் என்றார். பன்னிரண்டு நாள் தவணை கிடைத்தது.

மறுநாள் மண்டியில் எடை போட்டோம். மணிலாக்கொட்டை மூட்டை நிறுக்கும் பெரிய தராசு. ஒரு தட்டில் படிக்கல், ஒரு தட்டில் பெண். தேவசகாயம் ஏற்பாடு செய்திருந்தார். தாண்டவராயன் படிக்கல்லைப் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். முதலில் ஒருத்தியும் ஏறவில்லை. பாக்கியமே போய்த் தட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். நாற்பத்தாறு கிலோ.

"நம்ம கணக்குப்புள்ள எத்தினி?" என்று கேட்டாள் இறங்கியதும். அவர்கள் விடவில்லை, என்னையும் ஏற்றினார்கள். நாற்பத்தி நாலு.

மண்டியே இடிந்து விழுகிறாப்போல ஒரு சிரிப்பு. முழு ஆள் நாற்பத்தி நாலு, அரை ஆள் நாற்பத்தாறு. தேவசகாயம்கூடச் சிரித்தார். வெட்கத்தில் என் காது கொதித்தது. இன்றைக்கும் மண்டித் தெரு வழியாகப் போனால் அந்தத் தராசு இருந்த பக்கம் நான் திரும்புவதில்லை. ஆனால் அதன்பிறகு மஸ்டரில் அந்தப் பாதிக்கணக்கை எழுதப் பேனா வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுபது பெண்கள், ஐந்து கைக்குழந்தைகள். எல்லாரையும் நிறுத்தோம். தாண்டவராயன் அந்தப் பட்டியலோடு சென்னை போனார்.

பன்னிரண்டாம் நாள் திண்டிவனம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் இன்னும் தடிமனான காகிதச் சுருள். தூங்காத முகம். கம்ப்யூட்டரில் தன் முறை வரக் காத்திருந்து காத்திருந்து, ஒரு அட்டையில் ஓட்டை தப்பாக விழுந்து, முதலிலிருந்து மறுபடி போட்டாராம்.

"அறுபது பேர் ஏறினா தாங்காது," என்றார். "நடுவுல முறியும். அம்பத்தி நாலு வரைக்கும் தாங்கும். அந்த அம்மா சொன்ன மாதிரி ஓரமா ஒதுங்கினாலும் அம்பது பேர் நிக்கலாம்."

துரைக்கண்ணுவுக்கு உயிர் வந்தது. "அப்ப அம்பது பேர ஏத்துவோம். சார் மெஷினும் சொல்லிட்டுது, நான் கட்டினதும் நிக்கும், உனக்கும் நிம்மதி. பத்துப் பேரு கரையில நில்லுங்க, அவங்களுக்கும் கூலி."

பெண்களுக்கும் அதில் சந்தோஷம். நிற்கிற கூலி கைவிட்டுப் போகவில்லையே. அவரவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். தாண்டவராயனும் தலையாட்டினார், அவருடைய கணக்கு அதைத்தான் சொன்னது. அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் ஒரு காரணமும் இல்லை.

பாக்கியம் வேண்டாம் என்றாள்.

"மெஷின் பொய் சொல்லாது சார், ஒத்துக்கறேன். ஆனா மொதல்லயும் அது பொய் சொல்லல. இந்தக் கணக்குப்புள்ள எழுதினத நம்பிச்சி, அவ்வளவுதான். இப்ப ஒரு தப்பு கண்டுபுடிச்சிட்டோம். இன்னும் எவன் எழுதினதுல இன்னா தப்பு இருக்குதோ, யாருக்குத் தெரியும்? நாலு மரமும் ஒரே மாதிரின்னு எழுதியிருப்பீங்க. ஒரே மாதிரியா சார்?"

தாண்டவராயன் திரும்பிப் பாலத்து மரங்களைப் பார்த்தார். "அப்படித்தான் எழுதினேன்," என்றார். "மரத்துக்கு உள்ளே பாக்க எனக்கு வழியில்லம்மா."

"மேஸ்திரிக்கும் இல்ல. எனக்கும் இல்ல. அப்ப பொம்பளைங்க ஏறவாணாம். மணல ஏத்துங்க."

அதற்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. துரைக்கண்ணு ஏசினார். பெண்கள் அதைவிட அதிகமாக ஏசினார்கள். கல்லை ஏற்றினால் உருளும், பலகை உடையும். மணல்தான் அடங்கி உட்காரும். மணல் வேண்டுமானால் ஒன்றரை மைல் தள்ளி ஆற்றில்தான் இருந்தது; வண்டி பாறை அடிவாரம் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து மேலே தலையில்தான் சுமக்கவேண்டும்.

"சும்மா நின்னு கூலி வாங்க வேண்டியவள மூட்ட தூக்க வெச்சிட்டாளே மவராசி!" என்று ராயம்மாள் அடிவாரத்திலேயே கத்தினாள். "மெஷின் அம்பதுன்னுது, மேஸ்திரி அம்பதுன்றாரு. இவளுக்கு மட்டும் இன்னாவாம்? இவ இன்னா பட்டணத்துல படிச்சாளா?"

யார் எத்தனை கூடை சுமப்பது என்று அடுத்த சண்டை. மெலிந்தவள் குறைத்துச் சுமக்கிறாள் என்று ஒருத்தி, தடித்தவள் ஏமாற்றுகிறாள் என்று இன்னொருத்தி. பாக்கியம் ஒரே பேச்சில் முடித்துவைத்தாள். அவரவர் எடைக்கு அவரவர் மணல். மண்டியில் எழுதிய பட்டியல்தான் இருக்கிறதே. ஒருத்தி நாற்பது கிலோ என்றால் அவள் மூட்டையில் நாற்பது கிலோ. மூன்று நடையோ நாலு நடையோ, அவள் பாடு. வேண்டுதலுக்குத் துலாபாரம் கொடுக்கிறவர்கள் இல்லையா, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நானே ஒவ்வொரு சாக்கிலும் கரியால் அவரவர் பேரை எழுதினேன். குழந்தை வைத்திருக்கிறவர்கள் குழந்தை எடைக்கு ஒரு சின்னப் பை கட்டி, தங்கள் மூட்டைமேலே வைக்கவேண்டும். அருளம்மாள் தன் குழந்தையின் பையைத் தன் பழைய ரவிக்கைத் துணியில் தைத்திருந்தாள்.

இரண்டு நாள் சுமந்தார்கள். இரண்டு நாளும் பாக்கியத்தோடு ஒருத்தியும் பேசவில்லை, மகள்கூட அளந்துதான் பேசினாள். பாக்கியம் எல்லாரைப்போலவும் தன் நாற்பத்தாறு கிலோவைச் சுமந்தாள். போதாததற்கு ராயம்மாளின் கடைசிக் கூடையையும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். ராயம்மாள் அதற்கும் ஏசினாள்.

மூன்றாம் நாள் காலை மூட்டைகளை ஏற்றத் தொடங்கினோம். இரு கரையிலும் இரண்டு இரண்டு ஆம்பிளைகள் கயிறு போட்டு ஒவ்வொரு மூட்டையாகப் பலகைமேல் இழுத்துத் தள்ள, நான் எண்ணிக்கை சொன்னேன். துரைக்கண்ணு வழக்கம்போல வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கக் கிளம்பினார்.

"மேஸ்திரி, மணல் மூட்டைக்கு யாரு தைரியம் சொல்லணும்? மேல வா," என்றாள் பாக்கியம்.

அவர் நின்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானமாக இருந்திருக்கும். ஆனாலும் திரும்பி மேலே வந்து, பெட்டியை மூடிப் பாறைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

முப்பது மூட்டை ஏறியது. பாலம் அசையவில்லை. நாற்பது. துரைக்கண்ணு பாக்கியத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். நாற்பத்தைந்து. தாண்டவராயன் மண்டியிட்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களில் சிலர் எழுந்து கூழ் குடிக்கப் போக ஆரம்பித்தார்கள். நாற்பத்தெட்டு. ராயம்மாள் கை இரண்டையும் விரித்து, "பாத்தியா? ரெண்டு நாளா எங்க கழுத்த ஒடிச்சியே!" என்றாள்.

நாற்பத்தொன்பது என்று நான் சொல்லி வாய் மூடவில்லை.

கிரீச்சென்ற சத்தமே வரவில்லை. ஓடிவாருங்கள் என்று சொல்லப் பாலம் யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. இடப்பக்கத்து இரண்டாம் மரம் நடுவில் மடங்கியது, மற்ற மூன்றும் அதோடு போயின. பலகை, மூட்டை எல்லாம் ஒன்றாக ஓடைக்குள் இறங்கின. கயிறு பிடித்திருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் விழுந்தார்கள். கீழேயிருந்து எழும்பிய மணல் புழுதி எங்கள் முகத்தில் அடித்தது. பிறகு எல்லாம் அடங்கியது.

புழுதி இறங்கியதும் எட்டிப் பார்த்தோம். முதலில் மடங்கிய மரத்தின் உள்ளே சோறு போன்ற மெத்தென்ற நடுப்பகுதி வெளுப்பாகத் தெரிந்தது. மற்ற மூன்றும் நன்றாக வைரம் பாய்ந்த கறுப்பு மரங்கள். இது இளம் பனை. தோப்புக்காரன் மூன்றோடு நாலாவதாகக் கலந்து கொடுத்திருக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. மெஷின் ஐம்பத்தி நாலு என்றது நாலும் ஒரே மரம் என்று நம்பி. துரைக்கண்ணு நிற்கும் என்றதும் அதே நம்பிக்கையில்தான்.

ஆனால் பெண்கள் மரத்தைப் பார்க்கவில்லை. பாறைமேல் சாக்குகள் கிழிந்து கிடந்தன. கரியால் நான் எழுதிய பேர்கள் மேலே தெரிந்தன. படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களைப் பிடித்து ஒவ்வொருத்தியும் கேட்டாள், என்னுது எது, என்னுது எங்கே. ராயம்மாள் மூட்டை இரண்டு பாறைக்கு நடுவில் தலைகீழாகச் செருகியிருந்தது. செல்லம்மாள் மூட்டையின்மேல் ஒரு மரம் கிடந்தது. அருளம்மாள் கேட்கவே இல்லை. கிழிந்து கிடந்த ரவிக்கைத் துணி அவளுக்கே தெரிந்தது. குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

துரைக்கண்ணு துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தான் எப்போதும் உட்காருகிற இடத்தைப் பார்த்து அழவில்லை. "அம்பது பேர ஏத்தலாம்னேனே, அம்பது பேர ஏத்தலாம்னேனே" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். தாண்டவராயன் அவர் பக்கத்தில் போய், "நானும்தான் சொன்னேன்," என்றார். ராயம்மாள் மெதுவாக நகர்ந்து வந்து பாக்கியத்தின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பாக்கியம் கீழே எட்டிப் பார்க்கவில்லை. பாறைமேல் ஏறி நின்றுகொண்டாள். இந்தக் கரையில் இருந்த பெண்களை ஒவ்வொருத்தியாக விரல் நீட்டி எண்ணினாள். புளியமரத்தடிக்குக் கூழ் குடிக்கப் போனவர்களைக் கத்திக் கூப்பிட்டு எண்ணினாள். மறைவுக்குப் போயிருந்த ஒருத்திக்காக எல்லாரையும் நிறுத்திவைத்து, அவள் வந்தபிறகு எண்ணினாள். கடைசியில் தன் மார்பைத் தொட்டுத் தன்னை எண்ணினாள். பிறகு குழந்தைகளை, ஒவ்வொன்றின் தலையிலும் கை வைத்து.

அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் மஸ்டர் நோட்டைத் திறந்தேன்.

"அறுவத்தி அஞ்சி," என்றாள் என்னிடம். "எழுதுய்யா."

எழுதினேன்.